தண்ணி ரொக்கெட்: காற்றடிக்கும்போதே செட்டை கழன்று விழுகிறது, எந்தப் பசை சரி?

மின்மினி (வெள்ளவத்தை):
எல்லோருக்கும் வணக்கம். மகள் 9ஆம் தரம் படிக்கிறாள். பள்ளிக்கூட விஞ்ஞான மன்றத்துக்காக தண்ணி ரொக்கெட் (போத்தலில் தண்ணீர் விட்டு, காற்றடித்து மேலே ஏவுவது) செய்கிறாள். 1.5 லீற்றர் போத்தல், பிளாஸ்டிக் ஃபைல் மட்டையில் வெட்டிய மூன்று செட்டை, மூக்குக்கு ரெஜிபோம் (வெள்ளை நுரை மட்டை). மற்றதெல்லாம் சரி, செட்டைதான் நிற்கவில்லை.

சூப்பர் குளூ போட்டோம். காய்ந்த பிறகு கையால் இழுத்தும் அசையவில்லை. ஆனால் சைக்கிள் பம்மால் காற்றடித்து அமுக்க மீற்றர் 40 பி.எஸ்.ஐ. காட்டும்போது டக்கென்று ஒரு செட்டை பறந்துவிட்டது. பைண்டர் கம் (கடதாசி ஒட்டும் வெள்ளைப் பசை) தோலாக உரிந்தது. குளூ கன் பிடித்தோம், போத்தல் அந்த இடத்தில் சுருங்கிவிட்டது. வெளிநாட்டு வீடியோக்களில் மாதிரி ரொக்கெட்டுக்கு மரப் பசைதான் சிறந்தது என்கிறார்கள். அதை வாங்கட்டுமா? அடுத்த சனிக்கிழமை போட்டி.

பட்டம்:
முதலில் அந்தச் சுருங்கிய போத்தலைத் தூக்கிப் போடுங்கள் அக்கா. அதற்கு இனிக் காற்றடிக்கவே கூடாது. இந்தப் போத்தல் பெட் என்ற பிளாஸ்டிக், அது 70, 80 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். குளூ கன் பசை 100ஐத் தாண்டிய சூட்டில் வரும். சூடு பட்ட இடம் பலவீனமாகி, அமுக்கம் ஏறும்போது அங்கேதான் வெடிக்கும்.

அப்புறம் இரண்டு கேள்வி. அது சோடாப் போத்தலா, குடிதண்ணீர்ப் போத்தலா? ஒட்டுவதற்கு முன் சாண்ட் பேப்பர் தேய்த்தீர்களா?

மின்மினி:
சோடாப் போத்தல்தான். தேய்க்கவில்லை, துடைத்துவிட்டு ஒட்டினோம். சுருங்கியது குப்பைக்குப் போய்விட்டது.

தாழங்காய்:
மரப் பசை வேண்டாம் அக்கா. அந்த வீடியோக்காரர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் அவர்களுடைய ரொக்கெட் வேறு. கடதாசிக் குழாய், பல்சாப் பலகைச் செட்டை, உள்ளே வெடிமருந்து எஞ்சின். கடதாசியும் பலகையும் பசையைக் குடிக்கும். பசை நாருக்குள் இறங்கி, தண்ணீர் வற்றி இறுகினால், பிறகு இழுத்தால் பலகைதான் உடையும், ஒட்டு விடாது. போத்தல் எதையும் குடிக்காது. பைண்டர் கம்மும் அதே குடும்பம், அதனால்தான் தோலாக உரிந்தது.

சூப்பர் குளூவின் கதை வேறு. காற்றடித்தால் போத்தல் உப்பும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உப்பும். சூப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடி மாதிரி, நீளத் தெரியாது. அடியில் போத்தல் விரிய, மேலே பசை விரியாமல் நிற்க, ஒட்டு விட்டுவிடுகிறது. கையால் இழுத்தபோது வராத செட்டை பம் அடித்தபோது பறந்ததற்குக் காரணம் இதுதான். ஆகவே இன்னும் பலமான பசையைத் தேட வேண்டாம். போத்தலோடு சேர்ந்து அசையக்கூடிய பசை வேண்டும்.

அது பொலியூரித்தேன், கடையில் பி.யூ. சீலன்ட் என்று கேளுங்கள். கராஜில் வாகன முன்கண்ணாடி ஒட்டுகிற கறுப்புப் பசையும் இந்த இனம்தான். புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடைகளிலும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். சிலிக்கனும் பி.யூ.வும் ஒரே மாதிரிக் குழாயில் வரும், எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். பி.யூ. காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகும், வெள்ளவத்தைக் கடற்காற்று அதற்கு நல்லது. ஆனாலும் அவசரப்படாமல் குறைந்தது ஒரு முழு நாள் விடுங்கள், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது.

ஒட்ட முன் லேபல் பசையைத் தேங்காய் எண்ணெயால் எடுத்து, சோப் போட்டுக் கழுவி, நைசான சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். ஆழமான கீறல் விழுந்தால் போத்தல் அங்கே பலமிழக்கும். கடைசியாக ஸ்பிரிட்டால் துடைத்துக் காய விடுங்கள். தின்னர், நெயில் பொலிஷ் கழற்றும் தண்ணீர் இரண்டும் போத்தல் பக்கமே வரக்கூடாது, பெட் அதில் வெளிறிப் பழுதாகிவிடும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஃபைல் மட்டை பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, பி.யூ.வும் பிடிக்காது. செட்டையை 2 அல்லது 3 மில்லிமீற்றர் பிளைவூட்டில் வெட்டுங்கள்.

கருங்காலி:
நான் அரல்டைட் (இரண்டு குழாயில் வரும் எபொக்சிப் பசை)தான் சொல்வேன். இரண்டு குழாயையும் சமமாகக் கலந்து பூசினால் மரமும் பிளாஸ்டிக்கும் பிடிக்கும். மொறட்டுவைத் தச்சுப் பட்டறைகளிலேயே பார்த்திருக்கிறேன்.

தாழங்காய்:
மரத்துக்கு மரம் என்றால் நானும் அதையேதான் எடுப்பேன் அண்ணா. ஆனால் அதுவும் விறைத்த பசை, உப்புகிற போத்தலில் மெல்ல மெல்ல விடும். போத்தல் கழுத்துத் தடிப்பு, அது உப்பாது, அங்கே அரல்டைட் தயங்காமல் போடலாம். பாரத்தையும் கவனியுங்கள். வால் பக்கம் பசை கூடினால் ரொக்கெட்டின் பாரமையம் பின்னுக்குப் போய், மேலே போகாமல் சுழலும். எந்தப் பசையானாலும் மெல்லிய கோடாக இழுத்தால் போதும்.

பட்டம்:
சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும் என்றால் எனக்கு இன்னொரு வழி பிடிக்கும். செட்டையை ரொக்கெட் போத்தலிலேயே ஒட்டாதீர்கள். அதே அளவு இன்னொரு போத்தலின் தலையையும் அடியையும் வெட்டினால் ஓர் உறை கிடைக்கும். ரொக்கெட் போத்தலின் மூடியைக் கழற்றி, கொஞ்சம் நெரித்துக்கொண்டு, கழுத்துப் பக்கத்திலிருந்து உறையை ஏற்றுங்கள். கீழே, கழுத்துப் பக்கம், 5, 6 சென்ரிமீற்றர் தொங்கட்டும். செட்டைகளை அந்தத் தொங்கும் பகுதியில் ஒட்டுங்கள். காற்றடித்ததும் போத்தல் உப்பி உறையைத் தானாக இறுக்கிப் பிடிக்கும். தொங்கும் பகுதி உப்பாது, அதனால் அங்கே அரல்டைட்டும் நிற்கும், பி.யூ.வும் நிற்கும். உறை ஏவுதளத்தில் முட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூக்கு ரெஜிபோமுக்கு பைண்டர் கம்தான் நல்லது, மட்டைக் கூம்போடு ஒட்டி, கூம்பை டேப்பால் போத்தலில் பிடியுங்கள். சூப்பர் குளூவும் செருப்பு ஒட்டும் பசையும் ரெஜிபோமைக் கரைத்துத் தின்றுவிடும். மகள் சூப்பர் குளூ பிடிக்கும்போது பருத்தித் துணியால் துடைக்க விடாதீர்கள், பருத்தியில் பட்டால் அது தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும்.

ஒட்டி முடித்ததும் போத்தலை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி, அதற்குப் பிறகு காற்றடித்துச் சோதியுங்கள். தண்ணீர் நிறைந்திருந்தால் வெடித்தாலும் பலமாகச் சிதறாது. 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் போக வேண்டாம், பம் குழாய் நீளமாக இருக்கட்டும், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் கிட்டப் போகக்கூடாது. காலிமுகத்திடலில் பட்டம் விடும் சனம் எப்போதும் இருக்கும், பள்ளி மைதானத்திலேயே விடுங்கள்.

மின்மினி:
உறை வழிக்கே போனோம். பிளைவூட் செட்டை, பி.யூ. இரண்டு நாள் காய விட்டோம். தண்ணீர் நிரப்பி 50 வரை அடித்தோம், ஒன்றும் அசையவில்லை. மகளுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். இருவருக்கும் பெரிய நன்றி. குழாயில் பசை முக்கால்வாசி மிச்சம். வைத்திருக்கலாமா?

தாழங்காய்:
வைக்கலாம் அக்கா, கனநாளுக்கு அல்ல. முனைக்குள் ஒரு தடித்த ஸ்குரூ ஆணியை இறுக்கி, மேலே டேப் சுற்றி வையுங்கள். முனையில் இருப்பது கட்டியாகிவிடும், அடுத்த முறை ஆணியோடு இழுத்து எடுத்தால் உள்ளே பசையாகவே இருக்கும். சில வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், யன்னல் ஓரம் தண்ணி ஒழுகினால் அதற்கும் பூசலாம்.