பரணித் தாழிசை: இரண்டாம் அடி ஏன் நொண்டுது?

கேள்வி:
வெள்ளவத்தையில் ஒரு கவியரங்கு. பரணி (போர் வெற்றியைப் பாடும் நூல்) நடையில் ஈரடித் தாழிசை (இரண்டு அடிப் பாட்டு) இருபது எழுத யோசனை. தொடக்கம் இது:

படைவர முரசெழ மலையென கரிவர
வாள்கள் மோத வீரர் சாய உதிரம் பாய்ந்த தாங்கே

முதலடி ஓடுது, மற்றது நொண்டுது. எங்கே பிழை?

பதில் 1:
முதலடியிலும் ஒரு பிழை ஒளிஞ்சிருக்கு. 'என' என்ற எச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும். 'மலையெனக் கரிவர' என்றுதான் எழுத வேணும். அந்த 'க்' வந்ததும் தனதன (குறிலாகவே ஓடுற சந்தம்) கெட்டுது. ஒற்றை எழுதாமல் விட்டாலும் வாசிக்கிற நாக்கு காட்டிக்கொடுக்கும். வினைத்தொகை போடுங்கோ, அங்கே மிகாது: அடுகளிறு, எறிபடை, சுடுகணை. 'மலைபொரு கரி' என்றால் மலையை ஒத்த யானை.

இரண்டாமடியில் வா, மோ, வீ, சா, பா எல்லாம் நெடில், இரண்டு மாத்திரை. குதிரையில் வந்தவர் நடுவழியில் மாட்டுவண்டிக்கு மாறின மாதிரி. எதுகையும் இல்லை. 'படை'க்கு இரண்டாம் எழுத்து ட வேணும், முதலெழுத்து குறிலாகவும் இருக்க வேணும், 'வாடை' ஆகாது.

படைவர முரசெழ மலைபொரு கரிவர
உடைபட மதிலெழு புகையிடை வெயிலறும்

சீரின் இடையில் ஐகாரம் குறுகும், பயப்படாமல் போடலாம். கடைசி 'றும்' மட்டும் கனத்து அடியை நிறுத்தும்.

பதில் 2:
நல்ல திருத்தம், ஆனால் முதற்சீர் ப, மூன்றாஞ்சீர் ம. மோனை விழவில்லை. 'படையெழு முரசொடு பரியொடு கரிவர' என்றால் விழும். 'ஒடு'வுக்குப் பின்னும் வல்லினம் மிகாது. மலை போயிடும், அது நட்டம்தான்.

இருபதையும் தனதனவில் எழுதாதேங்கோ, ஆறாவதிலேயே காது மரத்துவிடும். படை மோதும் இடத்துக்கு மட்டும் முடுகு (குறிலால் விரையும் நடை), போர் முடிஞ்ச களத்துக்கு நெடில் விட்டு மெதுவாக.

பதில் 3:
உதிரத்தை முதல் தாழிசையிலேயே கொட்டிட்டீங்கள். மரபில் கடைதிறப்பு (பெண்களைக் கதவு திறக்கச் சொல்லிப் பாடுறது), காடு, காளி கோயில் எல்லாம் கடந்துதான் போர். பெயரும் தோற்ற நாட்டுக்கு: வென்றவன் சோழன் குலோத்துங்கன், தோற்றது கலிங்கம், நூல் கலிங்கத்துப்பரணி.

பரணி வெறும் வீரம் இல்லை. களத்தில் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் துலக்கி, விலா எலும்பால் நாக்கு வழிச்சு, பிறகு கூழ் அடும். அருவருப்புக்குள்ளே சிரிப்பு வரும் இடம் அது. நாலு தாழிசையாவது அதுக்கு ஒதுக்குங்கோ. ஒரு பேய் அகப்பையோடு நின்று உப்புப் பார்க்கட்டும்.