ஸ்டில்லிசைட்: சொட்டும் தண்ணீருக்கு ஏன் கொலைப் பெயர்?

செங்கோட்டைக்காரன்:
ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டது. எங்கள் ஓட்டு வீட்டு இறவாரத் தண்ணீர் தன் முற்றத்தில் விழுகிறது என்று பக்கத்து வீட்டு மதினிக்கு வருடா வருடம் வருத்தம். பத்திரம் எழுதுவது என் தொழில். பழைய சட்ட அகராதியைப் புரட்டியபோது இதற்கென்றே ஓர் ஆங்கிலச் சொல் கிடைத்தது: ஸ்டில்லிசைட். ஹோமிசைட், சூசைட், உரக்கடையில் பெஸ்டிசைட், எல்லாமே கொல்கிற விவகாரம். சொட்டுத் தண்ணீருக்கு ஏன் இந்த வால்? லத்தீன் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பாலக்காட்டு வாத்தியார்:
அண்ணாச்சி, இரண்டும் வேறு வேறு வால். கொலை வால் 'கைதெரெ', அதாவது வெட்டு, கொல். உங்களுடையது 'கதெரெ', விழு. முன்னால் இருப்பது 'ஸ்டில்லா', சொட்டு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரிலும் இதே சொட்டுதான். கூட்டுச்சொல்லில் கைதெரெ 'கீ' என்று நெடிலாகும், கதெரெ 'கி' என்று குறிலாகும். ஹோமிகீதியம், ஸ்டில்லிகிதியம். நமக்குக் கல், கால் மாதிரி ரோமானியருக்கு இது தெளிவாகக் கேட்டிருக்கும். ஆங்கிலத்துக்கு வந்ததும் குறில் நெடில் போய் இரண்டும் 'சைட்' ஆகிவிட்டது.

குமுளி வக்கீல்:
ரோமானியச் சட்டத்தில் இது பெரிய விஷயம். கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூலிலேயே, இறவாரத் தண்ணீரைப் பக்கத்து மனையில் விழவிடும் உரிமை வருகிறது. சொட்டாக விழுந்தால் ஸ்டில்லிகிதியம், சேர்ந்து ஒழுக்காக வந்தால் 'ஃப்ளூமென்'. இன்னொன்று: ஆங்கிலத்தில் ஒட்டுக்கேட்பதை ஈவ்ஸ்ட்ராப் என்கிறோமே, அதுவும் இறவாரச் சொட்டுதான். சொட்டு விழும் இடத்தில் சுவரோரமாக நின்று உள்ளே பேசுவதைக் கேட்பவனைச் சொன்னது. ஆனால் அது லத்தீன் இல்லை, ஆங்கிலேயருடைய சொந்தச் சொல்.

செங்கோட்டைக்காரன்:
ரொம்ப நன்றி. குறில் நெடில் என்றதும் சட்டென்று பிடிபட்டது. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததல்லவா, அந்தக் காலத்துப் பத்திரத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். இறவாரத் தண்ணீருக்காகத் தாத்தா ஒரு முழம் விட்டுச் சுவர் எழுப்பியிருக்கிறார். மழை விட்டதும் முற்றத்தில் குனிந்து அளந்தேன். ஒவ்வொரு ஓட்டின் வாய்க்கும் நேர் கீழே மண்ணில் ஒரு குழி, சோழி கொள்ளும் அளவுக்கு, வரிசையாக. சுவரிலிருந்து ஒன்றே கால் முழம். பின்னாளில் ஓடு மாற்றியபோது வெளியே நீட்டிவிட்டோம் போல. மதினி சொன்னது சரிதான். இறவாரத்தில் தகரம் வளைத்துக் கட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். அப்புறம் அது ஃப்ளூமென் ஆகிவிடும், தெருப்பக்கம் திருப்பிவிட வேண்டும்.