மறுமொழி: ‘ஆயுள் முடிவு’ வேண்டாம், ‘பொருந்துபதிப்பு’ பற்றியும்

வணக்கம். பழைய கருவிகளுக்கு மென்பொருள் ஆதரவு நிற்பதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்களுக்கு நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற உங்கள் யோசனைகளுக்கு இது பதில்.

> எண்ட் ஆஃப் சப்போர்ட், எண்ட் ஆஃப் லைஃப் இரண்டுக்கும் ‘ஆயுள் முடிவு’ என்றே வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

ஐயா, சுருக்கம்தான், புரியவும் செய்யும். ஆனால் தவறாகப் புரியும். ஒரு டேப்லெட்டுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று படிப்பவர் அடுத்து என்ன செய்வார்? பழைய சாமான் எடுப்பவரிடம் போட்டுவிட்டுப் புதியது வாங்கப் போவார். திரையில் கீறல் இல்லை, பேட்டரி தாங்குகிறது, பாட்டு கேட்கிறது, பிடிஎஃப் திறக்கிறது. முடிந்தது, நிறுவனம் இற்றைகள் (அப்டேட்டுகள்) அனுப்பிவந்த ஏற்பாடு மட்டும்தான். அதுவும் ஒரே நாளில் முடிவதில்லை என்பதால்தான் ஒரே சொல் போதாது என்கிறேன்.

ஆப்பிளின் முதல் ‘ஐபேட் ஏர்’ டேப்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் வந்தது. 2019 செப்டம்பரில் ஐபேட்ஓஎஸ் 13 இயங்குதளம் வந்தபோது இந்த டேப்லெட்டைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள், ஐஓஎஸ் 12தான் அதற்கு எல்லை. சரி, அன்றோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. 2023 ஜனவரியில்கூட அதற்குப் பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் ஐஓஎஸ் 12.5.7 வந்தது. புதிய இயங்குதளம் கிடைப்பது நின்று மூன்று ஆண்டுக்கு மேலாகியும் பாதுகாப்பு இற்றை வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தை ‘ஆயுள் முடிவுக்குப் பின்’ என்றா எழுதுவது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதியும் இதைப் பிரித்தே பேசுகிறது: பாதுகாப்பு இற்றை, பிழைதிருத்த இற்றை, செயல்பாட்டு இற்றை என மூன்று. இவற்றைத் தரும் நிறுவனம், ஒரு மாதிரியைச் சந்தைக்கு விடுவதை நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுக்கு இலவசமாகத் தர வேண்டும். சட்டம் எழுதுகிறவர்கள் பிரித்துச் சொல்வதை நாம் ஏன் ஒன்றாகக் குழைக்க வேண்டும்?

பயனர் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்கு நான்கு விதமான நிறுத்தம் தெரிகிறது. இயங்குதளத்தின் அடுத்த பதிப்பு வராமல் போவது ஒன்று, அதை ‘மேம்படுத்தல் நிறுத்தம்’ எனலாம். பாதுகாப்பு இற்றை நிற்பது இரண்டாவது. மூன்றாவது, டேப்லெட் நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் செயலியை எழுதுபவர் “இனி ஆண்ட்ராய்டு இத்தனைக்கு மேல்தான்” என்று எல்லைக்கோட்டை உயர்த்துவது. கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புதிய பதிப்பு கிடைக்காது, ஏற்கெனவே நிறுவியிருப்பது பெரும்பாலும் ஓடும். இதற்குத் ‘தாழ்வரம்பு உயர்வு’ என்று முன்மொழிகிறேன். தாழ்வரம்பு என்றால் கீழ் எல்லை, புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நான்காவதுதான் மக்களை மிகவும் குழப்புவது. செயலி அப்படியே இருக்கிறது, நேற்றுவரை ஓடியது, இன்று திறந்தால் ‘இணைப்பு இல்லை’ என்கிறது. இணையம் இருக்கிறது. மறுமுனையில் உள்ள வழங்கி (சர்வர்) பழைய செயலியோடு பேச மறுக்கிறது, அல்லது வழங்கி தன் அடையாளத்தை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழைப் பழைய இயங்குதளம் நம்ப மறுக்கிறது. 2021 செப்டம்பர் 30 அன்று இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச்சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்ப அடிப்படையாக இயங்குதளத்துக்குள்ளேயே இருப்பது) காலாவதியானது. அவர்களுடைய புதிய மூலச்சான்றிதழ் ஐஓஎஸ் 10இலிருந்துதான் உள்ளே இருக்கிறது. ஐஓஎஸ் 9இல் நின்றுபோன ஐபேட் 2 வைத்திருந்தவர்களுக்கு அன்றிலிருந்து பல தளங்கள் ‘நம்பகமற்றவை’ ஆகிவிட்டன. அதே புதிய சான்றிதழ் இல்லாத, ஆண்ட்ராய்டு 7.1.1க்குக் கீழே இருந்தவர்கள் மட்டும் தப்பித்தார்கள். மூலச்சான்றிதழின் காலாவதித் தேதியை ஆண்ட்ராய்டு பார்ப்பதில்லை என்பதைப் பயன்படுத்தி பழைய மூலச்சான்றிதழே புதியதற்கு உறுதி சொல்லும் ஒரு குறுக்குக் கையொப்பம் வாங்கி 2024 செப்டம்பர் வரை ஓட்டினார்கள். பழைய கருவிகளுக்காக ஒரு நிறுவனம் அவ்வளவு மெனக்கெட்டது மனசுக்கு நிறைவான விஷயம். இந்த நான்காவதை ‘இணைப்பு மறுப்பு’ எனலாமா? யார் மறுக்கிறார் என்பதைச் சொல்லாமல் விட்டிருப்பது வேண்டுமென்றேதான், இரண்டு பக்கமும் மறுக்கலாம்.

ஏன் இவ்வளவு பிரிக்கிறேன் என்றால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. சான்றிதழ் சிக்கல் என்றால் புதிய மூலச்சான்றிதழைக் கையால் நிறுவலாம், ஆண்ட்ராய்டில் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலை வைத்திருக்கும் பயர்பாக்ஸ் உலாவியில் அந்தக் கருவிக்குப் பொருந்தும் பதிப்பைப் போடலாம். மேம்படுத்தல் நிறுத்தம் என்றால், சில மாதிரிகளுக்கு லீனியேஜ்ஓஎஸ் என்ற, தன்னார்வலர்கள் உருவாக்கும் ஆண்ட்ராய்டு வழி இயங்குதளம் கிடைக்கும். பாதுகாப்பு இற்றை நின்ற கருவியில் வங்கிச் செயலி வேண்டாம், படிக்கவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘ஆயுள் முடிவு’ என்று எழுதினால் இதில் எதையும் சொல்ல முடியாது.

> லாஸ்ட் கம்பாட்டிபிள் வெர்ஷன் – ‘ஈற்று ஒத்தியல் பதிப்பு’ அல்லது ‘கடைப்பதிப்பு’

இரண்டாவது சொல் அழகாக இருக்கிறது, ஆனால் அது வரும் இடமே செயலிக் கடை! கடைப்பதிப்பு என்றால் கடையில் இருக்கும் பதிப்பு என்றுதான் யாரும் படிப்பார்கள், அதாவது நேர் எதிர்ப்பொருள். ஈற்று ஒத்தியல் பதிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதி வேண்டும்.

அந்தச் சொற்றொடர் திரையில் எப்போது வருகிறது என்று பாருங்கள். பழைய ஐபேடில் ஒரு செயலியைத் தட்டினால் ‘ஐஓஎஸ் 15 அல்லது அதற்குப் பின் தேவை’ என்று சொல்லி நிறுத்திவிடும். அதே கணக்கில் நுழைந்திருக்கும் புதிய போனில் அந்தச் செயலியை ஒருமுறை பெற்றுக்கொண்டு, திரும்ப ஐபேடுக்கு வந்து, வாங்கியவை பட்டியலுக்குள் போய் மேகக் குறியைத் தட்டினால், இப்போது ஒரு சின்னப் பெட்டி: புதியது இதில் ஓடாது, உங்கள் கருவியில் ஓடக்கூடிய கடைசிப் பதிப்பை இறக்கட்டுமா? எழுதியவர் பழைய பதிப்பை நீக்காமல் விட்டிருந்தால் இறங்கிவிடும். 2013இலிருந்தே இருக்கும் வசதி, இன்னும் பலருக்குத் தெரியாது. அந்தப் பெட்டியைப் பார்ப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர், அல்லது அண்ணன் கொடுத்த பழைய டேப்லெட்டை வைத்திருக்கும் பிள்ளை. அவர்களுக்குத் தட்டலாமா வேண்டாமா என்று தெரிய வேண்டும்.

‘பொருந்துபதிப்பு’ என்று வைப்போம். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. பொருந்திய, பொருந்துகிற, பொருந்தும் மூன்றும் அதற்குள் இருக்கிறது, இங்கே மூன்றும் வேண்டும்தான். முன்னால் ‘கடைசி’ சேர்த்தால் ‘கடைசிப் பொருந்துபதிப்பு’. கடைசி பேச்சுச்சொல் என்று யாராவது சொல்வார்கள், இருக்கட்டும். பொத்தானில் ‘பொருந்துபதிப்பை இறக்கு’ என்றாலே போதும். கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான கடையான எஃப்-டிராய்டில் பழைய பதிப்புகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எந்த ஆண்ட்ராய்டு வேண்டும் என்றும் போட்டிருக்கும். அங்கே இணங்காதவற்றைப் ‘பொருந்தாப்பதிப்பு’ என்று எழுதலாம், எதிர்ச்சொல்லும் தானாகக் கிடைத்துவிடுகிறது.

எனக்கு இன்னும் பிடிபடாதது இரண்டாவது நிறுத்தம்தான். ‘பாதுகாப்பு இற்றை நிறுத்தம்’ நீளம், அமைப்புகள் பக்கத்தில் ஒரு வரிக்குள் அடங்காது. ‘காப்பு நிறுத்தம்’ என்று சுருக்கினால் காப்புநகல் எடுப்பதை நிறுத்தச் சொல்கிறோம் என்று ஆகிவிடும். ‘பாதுகாப்பு நிறுத்தம்’ படிப்பவரைப் பயமுறுத்தும். இதற்கு மட்டும் ஒரு நல்ல சொல் தாருங்கள், மற்ற நான்கையும் இந்த வாரமே சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.