மைனஸ் 20-ல் சுத்தியல் காம்பு முறிந்தது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

துவாஸ் கோல்ட்ரூம்

பத்து நாளாகக் கண்ணை மூடினால் அந்தச் சத்தம்தான் கேட்கிறது. எங்களுடையது சிங்கப்பூர் துவாஸில் உறைந்த மீன் வைக்கும் குளிர்கிடங்கு, உள்ளே மைனஸ் 20. பேலட்டுக்கு அடியில் ஐஸ் பிடித்துக்கொண்டால் ஃபோர்க்லிஃப்ட் தூக்காது, பெரிய சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித்தான் விடுவிப்போம். காம்பு ஹிக்கரி என்ற வன்மரம், மாட்டி எட்டு மாதம் இருக்கும், உள்ளேயே சுவரோரம் சாய்த்து வைத்திருப்போம். அன்று நைட் ஷிப்டில் மூன்றாவது அடிக்கு ‘டக்’. கையில் வெறும் காம்பு. தலை, கூட நின்ற தம்பியின் காதோரம் கம்பளித் தொப்பியை உரசிக்கொண்டு போய் இரும்புக் கதவில் மோதியது. அவன் அசையவே இல்லை, தொப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தான்.

ஊரில் கோடாலிக் காம்பு உடைந்து பார்த்திருக்கிறேன். கருவேலங்காம்பு முதலில் முனகும், கைக்குத் தெரியும், அப்புறம்தான் நார் நாராகப் பிய்ந்து போகும். இது கருப்பட்டியை உடைத்த மாதிரி தட்டையாக முறிந்திருக்கிறது. ‘குளிரில் மரம் கண்ணாடி ஆகிவிடும்’ என்று சொல்லி சூப்பர்வைசர் வேறு காம்பு கொடுத்துவிட்டார். அது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலஸ்டியர் ஆல்ரவுண்டர்

அண்ணே, குளிரே இல்லாமல் எனக்கும் அப்படித்தான் முறிந்தது. இங்கிலீஷ் வில்லோ பேட், ஐந்து மாதம் கார் பூட்டிலேயே கிடந்தது, கார் நிற்பது கூரையில்லாத கார்பார்க்கில். ஞாயிற்றுக்கிழமை மேட்ச், ஒரு யார்க்கரைத் தடுத்தேன், அடிக்கக்கூட இல்லை, சும்மா வைத்தேன். அடிநுனி ஒரு கை அகலத்துக்குக் கழன்று ஸ்லிப்பில் நின்றவர் காலடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘அப்பளம் மாதிரி காய்ந்திருக்கிறதே’ என்றார். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், இங்கே மரம் காயாது என்று நினைத்திருந்தேன். அதே காற்று மூடிய காருக்குள் சூடேறினால் எலும்பு வரை காய்ந்த காற்றாகிவிடுகிறது. அதனால் குளிரைக் குற்றம் சொல்லாதீர்கள், சூடுதான் வில்லன். வில்லோ மென்மையாக இருக்கிறதே என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன், அகன்ற இலை மரம் எல்லாமே வன்மர வகைதான்.

கப்பல்பட்டறை

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் என் கதை, அது சின்னது. எல்என்ஜி, அதாவது குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு ஏற்றும் கப்பல் ரிப்பேரில் வேலை. சில கப்பல்களில் டேங்குக்கும் கப்பல் உடம்புக்கும் நடுவில் பிர்ச் பிளைவுட் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். உள்ளே இருக்கும் திரவம் மைனஸ் 163 டிகிரி. முதல் முறை டேங்குக்குள் இறங்கியபோது, ஒரு பக்கம் தகட்டைப் பிரித்து வைத்திருந்த இடத்தில் அந்தப் பலகையைக் கையால் தடவிப் பார்த்தேன். பல வருடம் அந்தக் குளிரையும், கடலில் திரவம் உள்ளே அலைமோதும் இடியையும் தாங்கிய பலகை, நேற்று வாங்கியது போல வெளுப்பாக இருந்தது. பிர்ச்சும் வன்மரம்தான். குளிரில் மரம் கண்ணாடி ஆகுமென்றால் அந்தக் கப்பல்களே ஓடாது.

கண்ணாடி ஆவது இரும்பு. 1943 ஜனவரியில் அமெரிக்காவில் போர்ட்லண்ட் துறையில் கட்டி நிறுத்தியிருந்த ஸ்கெனெக்டடி என்ற டேங்கர், அமைதியான தண்ணீரில் நின்றபடியே நடுவில் பிளந்தது. அந்தக் காலத்து எஃகுக்கு ஒரு எல்லை உண்டு, அதற்குக் கீழே வெப்பம் இறங்கினால் இடி தாங்கும் குணம் சட்டென்று விழுந்துவிடும். மரத்துக்கு அப்படி ஒரு படுகுழி கிடையாது. குளிரக் குளிர அதன் பலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடத்தான் செய்யும்.

ஆனால் பலம் வேறு, இடி தாங்குவது வேறு. ஒரு அடியைத் தாங்க பலம் மட்டும் போதாது, முறிவதற்கு முன் வளைந்தும் கொடுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்ததுதான் கணக்கு. குளிரில் பலம் கூடும்போது விறைப்பும் கூடுகிறது, வளைவு குறைகிறது. அதனால் பலம் ஏறிய அளவுக்கு இடி தாங்குவதும் ஏறும் என்று நம்பி ஓங்கி அடிக்கக் கூடாது. ஏற்கனவே குறை உள்ள காம்புக்கு அந்த விறைப்பு மன்னிப்பே கொடுக்காது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முறிந்த காம்பைத் தூக்கிப் போடாதீர்கள். மரத்தின் ரேகை காம்பின் நீளத்துக்கு ஓடுகிறதா, இல்லை சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறுகிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் இடி தாங்கும் குணம் பெருமளவு போய்விடும், வெளியே 31 டிகிரியிலும் என்றைக்காவது முறிந்திருக்கும். அப்புறம் அந்தச் சுத்தியலை உள்ளேயும் வெளியேயும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகாதீர்கள். வெளியே வந்ததும் வியர்த்துத் தண்ணீர் கோக்கும், தலை மாட்டிய கண்ணுக்குள் மரம் ஊதி நசுங்கும், காய்ந்ததும் தளரும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வையுங்கள். வாரம் ஒரு தடவை தலைக்குக் கீழே விரலால் தடவி வெடிப்பு பாருங்கள். வெடிப்பு இருந்தால் டேப் சுற்றாதீர்கள், டேப் வெடிப்பை மறைக்கத்தான் உதவும். தலை பறக்கும் கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

சுங்கை கடுட் ஆசாரி

கப்பல்பட்டறைத் தம்பி சொல்வது குளிருக்குச் சரி. சூட்டை அவர் தொடவே இல்லை. பேட் தம்பியும் பாதிதான் சொன்னார், ஈரம் போனது மட்டும் என்றால் திரும்ப ஈரம் ஏறும்.

நான் சுங்கை கடுட்டில் ஃபர்னிச்சர் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவன். ஒரு முறை அவசர ஆர்டர், ரப்பர் மர மேசைக்கால். மரம் உலர்த்தும் கில்ன் சூட்டை 100 டிகிரிக்கு மேல் ஏற்றி, நாள் கணக்கில் அப்படியே விடச் சொன்னார் முதலாளி. வெளியே வந்தபோது நிறம் கொஞ்சம் கருத்திருந்தது, மற்றபடி அழகாகக் கடைந்தது, பாலிஷும் பிடித்தது. லாரியில் ஏற்றும்போது ஒரு கால் பின்பலகையிலிருந்து நழுவி சிமெண்டில் விழுந்தது. இடுப்பு உயரம்தான். இரண்டு துண்டு. எடுத்துப் பார்த்தேன், ஒரு நார்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. மற்ற கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டே அன்று முழுக்க எனக்குக் கை கூசியது, யார் வீட்டில் எந்தப் பிள்ளை அந்த மேசைமேல் ஏறி நிற்குமோ என்று.

கொஞ்ச நேரச் சூடு ஒன்றும் செய்யாது, ஆறினால் பழைய பலம் வந்துவிடும். ஆனால் 65 டிகிரிக்கு மேல் மாதக்கணக்கில் கிடந்தாலோ, கில்னில் வறுபட்டாலோ, நாருக்குள் இருக்கும் நுண்ணிழைகளைப் பிடித்து வைக்கும் பசையே சிதைந்துபோகிறது. அது திரும்பாது, தண்ணீரில் ஊறப் போட்டாலும் திரும்பாது. அதில் முதலில் போவது இடி தாங்கும் குணம். விறைப்பு அப்படியே இருக்கும், அதனால் கையால் வளைத்துப் பார்த்தால் நல்ல கட்டை போலவே தெரியும். என் அப்பா கொட்டாப்புளிக்குப் புளியங்கட்டை எடுத்தால் நிழலில்தான் போடுவார், ஒரு வருடம் ஆனாலும் காத்திருப்பார்.

துவாஸ் தம்பி, அந்தக் காம்பு உங்கள் கைக்கு வரும் முன் எங்கே இருந்தது?

துவாஸ் கோல்ட்ரூம்

ஐயா, இன்று ஸ்டோரில் கேட்டேன். உள்ளே வரும் முன் அந்தக் காம்புக் கட்டு கம்ப்ரஸர் அறையில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்ததாம், சூடான குழாய்க்குப் பக்கத்தில். முறிந்த துண்டையும் எடுத்துப் பார்த்தேன். ரேகை சாய்ந்துதான் ஓடுகிறது, முறிந்த இடத்தில் பக்கவாட்டில் வெளியேறுகிறது. ஆக எது காரணம் என்று என்னால் இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, மூன்றுமே அந்த ஒரு அடியில் சேர்ந்திருக்கலாம்.

அதே கட்டில் இன்னும் நான்கு காம்பு இருந்தது. சூப்பர்வைசர் கொடுத்த புதுக் காம்பும் அதிலிருந்து வந்ததுதான். ஐந்தையும் ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன், கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்தத் தம்பி நேற்று உள்ளே வந்தான், நான் சுத்தியலைத் தூக்கியதும் தானாகவே கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.