தடிச்ச எழுத்தின்ர நடுவில வெள்ளை விழுது, டிரம் போச்சா?

உப்புவெளி கொப்பிக்கடை:
வணக்கம். கறுப்பு வெள்ளை லேசர் மெசின், செகண்ட் ஹாண்ட்ல எடுத்தது. ஐப்பசி மழை தொடங்கினதில இருந்து பிரிண்ட் இடைக்கிடை வெளிறித்தான் வந்தது, சமாளிச்சன். இந்தக் கிழமை வேற கூத்து. டியூசன் பரிசளிப்புக்கு 160 ஜிஎஸ்எம் மட்டையில சான்றிதழ் அடிச்சா, தலைப்பெழுத்தின்ர ரெண்டு கரையும் நல்ல கறுப்பு, நடு வெள்ளை. 'ழ்' ரெட்டைக்கோட்டில கீறின மாதிரிக் கிடக்கு. டோனர் தூள் மாத்தியும் அதேதான். எழுத்தைத் தூளாப் பிடிச்சுத் தாளுக்குக் குடுக்கிற உருளை, அந்த டிரம்மை மாத்தச் சொல்றாங்க. விலை கேட்டுத் தலை சுத்துது.

பழைய மெசின்காரன்:
தம்பி, டிரம்முக்குக் காசு குடுக்க முதல் ரெண்டு சோதனை. அடிச்ச தாளை விரலால தேய்ச்சா மை வருதோ? வந்தா, தூளை உருக்கித் தாளில ஒட்டுற சூட்டு ரோலர் பிழை. வராட்டி, ஒரு பக்கம் ஓடேக்க பாதியில கதவைத் திறந்து நிப்பாட்டி, டிரம்மைப் பாருங்கோ. கனநேரம் வெளிச்சத்தில வைக்காதேங்கோ.

உப்புவெளி கொப்பிக்கடை:
தேய்ச்சா ஒண்டும் வரல்ல. டிரம்மில, தாள் கடந்துபோன பக்கத்தில, மெல்லிசா எழுத்து மிச்சம் கிடக்கு அண்ணை! மட்டையில வெள்ளையா இருக்கிற அதே நடுக்கோடு இங்க கறுப்பா ஒட்டியிருக்கு.

பழைய மெசின்காரன்:
அப்ப டிரம் தன்ர வேலையைச் செய்திருக்கு. கடதாசிக்குத்தான் முழுசா இறங்கேல்ல. ஒளிக்காமச் சொல்லுங்கோ, கீழ இருந்து தாளை டிரம்மோட சேர்த்துப் பிடிக்கிற டிரான்ஸ்பர் ரோலரின்ர ஸ்பிரிங்கில கை வச்சனீங்களோ?

உப்புவெளி கொப்பிக்கடை:
வச்சன்... பிரிண்ட் வெளிறினதால இறுக்கம் காணாதெண்டு நினைச்சு, ரெண்டு பக்க ஸ்பிரிங்குக்கும் அடியில ஒவ்வொரு வாசர் வளையம் போட்டன்.

பழைய மெசின்காரன்:
அதுதான் வினை. இது ரப்பர் முத்திரை இல்ல, அமத்த அமத்த நல்லா விழுறதுக்கு. டோனரை இழுக்கிறது ரோலருக்குக் குடுக்கிற மின்சாரம். இறுக்கம், கடதாசி டிரம்மோட இடைவெளி இல்லாமத் தொடுறதுக்கு மட்டும். கூடினா, தடிச்ச கோட்டின்ர நடுவில குவிஞ்சிருக்கிற தூள் நசிஞ்சு கட்டியாகி டிரம்மிலயே ஒட்டிப்போகும், கரை மட்டும் கழண்டு வரும். மட்டை தடிப்பெண்டா இன்னும் மோசம்.

கிண்ணியா மாணவி:
குறுக்க வாறதுக்கு மன்னிக்கணும். 1938 ஒக்டோபர் 22இல நியூயோர்க் அஸ்டோரியாவில, இந்தக் கொப்பி முறையைக் கண்டுபிடிச்ச செஸ்டர் கார்ல்சன் எடுத்த முதல் பிரதியில, தூளை மெழுகுத்தாளில அமத்தித்தானே எடுத்தவர்? அப்ப இறுக்கம் போதும்தானே?

பழைய மெசின்காரன்:
நல்ல கேள்வி பிள்ளை. அங்க தூளைப் பிடிச்சது மெழுகு. வெறும் தாளில மெழுகுக்கு எங்க போறது? இறுக்கத்தாலயே தூளை ஏத்திப் பதிக்கிற மெசினும் இருந்ததுதான். ஆனா அதுக்கு இரும்பு ரோலரும், நசிஞ்சு ஒட்டுற தனிவகை டோனரும் வேணும். எங்கட பஞ்சு ரோலரால அது ஏலாது.

மழைக்கு வெளிறினதுக்குக் காரணம் வேற. ஈரம் குடிச்ச கடதாசியில மின்சாரம் நிக்காது, கசிஞ்சு போகும். கடலோரக் கடையில மாரிக்குக் கேக்கவும் வேணுமே! பேப்பர் கட்டு எங்க வைக்கிறீங்கள்?

உப்புவெளி கொப்பிக்கடை:
வாசலோட, சீமெந்து நிலத்தில...

பழைய மெசின்காரன்:
சரிதான். பிளக்கைக் கழட்டிப்போட்டு வாசரை எடுங்கோ. ரோலரின்ர பஞ்சில விரல் படக்கூடாது, கை எண்ணெய் பட்ட இடம் தாளில தெரியும். பேப்பர் கட்டுகளை மேசையில ஏத்தி, உடைச்ச கட்டைப் பொலித்தீன் பையில சுத்தி வையுங்கோ. மட்டை அடிக்கேக்க செட்டிங்கில 'தடித்த தாள்' தெரிவு செய்ய மறக்காதேங்கோ.

உப்புவெளி கொப்பிக்கடை:
அண்ணை, வாசர் எடுத்த முதல் தாளிலயே 'ழ்' நிரம்பிட்டு! பழைய கட்டு இன்னும் வெளிறுது, புதுக்கட்டு உடைச்சதும் கறுகறுவெண்டு வருது. சான்றிதழ் எல்லாம் திரும்ப அடிச்சுக் குடுத்திட்டன். பழுதான மட்டையை விலைத்துண்டா வெட்டியாச்சு.