ரிப்போர்ட்டட் ஸ்பீச்: கேள்வி வாக்கியத்தில் மட்டும் ஏன் இத்தனை தப்பு?

தேன்மொழி_டியூஷன்:

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் டைரக்ட், இன்டைரக்ட் நடத்துகிறேன், அதாவது ஒருவர் பேசியதை மேற்கோள் இல்லாமல் நம் வாக்கியமாகத் திருப்பிச் சொல்வது. சாதாரண வாக்கியம் ஓரளவு வந்துவிடுகிறது. கேள்வி வாக்கியம் என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரி சறுக்குகிறார்கள்.

கொடுத்தது: ஷி செட் டு மீ, "வேர் டிட் யூ கோ எஸ்டர்டே?"

எழுதியது: ஷி ஆஸ்க்டு மீ தட் வேர் டிட் ஐ வென்ட் எஸ்டர்டே.

விதிகளைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், எழுதும்போதுதான் வருவதில்லை. எந்த வரிசையில் சொல்லிக்கொடுத்தால் மனதில் நிற்கும்? கூடவே இரண்டு சந்தேகம். மஸ்ட் எப்போதும் ஹேட் டு ஆகுமா? டுமாரோ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு த நெக்ஸ்ட் டே போடச் சொல்லலாமா?

எழுத்தாணி:

டீச்சர், அந்த விடையில் தட் வரக்கூடாது, டிட் நிற்கக்கூடாது, வென்ட் என்ற வடிவம் தப்பு, எஸ்டர்டேவும் மாறவில்லை. நடுவில் இருக்கிற இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கேள்வியை நேராக்காமலே டென்ஸை மாற்றப் போகிறார்கள்.

முதலில் கேள்வியைச் சாதாரண வாக்கியமாக ஆக்கச் சொல்லுங்கள். டென்ஸைப் பிறகு பார்க்கலாம். ரஃப் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக இப்படி எழுதட்டும்:

வேர் டிட் யூ கோ
வேர் யூ வென்ட் (டிட் போனது, அதிலிருந்த பாஸ்ட் டென்ஸ் "கோ" என்ற வினையில் ஏறியது)
வேர் ஐ வென்ட் (யூ என்றது என்னை, அதனால் ஐ)
வேர் ஐ ஹேட் கான் (சிம்பிள் பாஸ்ட் ஒரு படி பின்னால் போனது)

முன்னால் ஷி ஆஸ்க்டு மீ, பின்னால் த ப்ரீவியஸ் டே, கடைசியில் முற்றுப்புள்ளி. கேள்விக்குறி வைத்தால் மதிப்பெண் போகும்.

டூ, டஸ் வருகிற கேள்விக்கும் இதே வழிதான். "வேர் டஸ் ஹி லிவ்?" என்பதில் டஸ்ஸை எடுத்தால் அதிலிருந்த எஸ் லிவ்வுக்கு வரவேண்டும்: ஹி லிவ்ஸ். அதன்பிறகுதான் ஹி லிவ்ட். இந்த நடுப்படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் "வேர் ஹி லிவ்" என்று மொட்டையாக விடுகிறார்கள்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு இஃப் அல்லது வெதர். வேர், வென், ஒய், ஹவ் இருந்தால் அந்தச் சொல்லே இணைப்பு. எந்தக் கேள்வியிலும் தட் கிடையாது. "ஆஸ்க்டு மீ தட் இஃப்" என்று எழுதுவதும் இதே தப்புதான்.

பனங்காடு:

தட் எங்கிருந்து முளைக்கிறது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். "எங்கே போனேன்னு கேட்டா", "வரேன்னு சொன்னான்", "உட்காருன்னு சொன்னார்". தமிழில் கேள்வி, செய்தி, கட்டளை எல்லாவற்றையும் "என்று" ஒட்டிவிடும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று பசை: செய்திக்கு தட், கேள்விக்கு இஃப் அல்லது கேள்விச்சொல், கட்டளைக்கு டு.

இதைவிடப் பெரிய ஆபத்து ப்ரோநவுனில் இருக்கிறது. "ரவி, நான் நாளைக்கு வரேன்னு சொன்னான்" என்றால் வருவது ரவி என்று நமக்குச் சந்தேகமே வராது. அதை அப்படியே "ரவி செட் தட் ஐ வுட் கம்" என்று எழுதினால் வரப்போவது எழுதுகிறவர் என்றாகிவிடும். தேர்வில் அரை மதிப்பெண்ணோடு போகலாம். அலுவலக மெயிலில் யார் வரவேண்டும் என்பதே மாறிப்போகும். ஃபர்ஸ்ட் பர்சன் சப்ஜெக்ட்டைப் பார்க்கும், செகண்ட் பர்சன் ஆப்ஜெக்ட்டைப் பார்க்கும், தேர்ட் பர்சன் மாறாது என்ற எஸ்.ஓ.என். சூத்திரம் பள்ளி வாக்கியங்களுக்குப் போதும்.

வினைச்சொல்லையும் கவனியுங்கள். டோல்ட் போட்டால் உடனே ஆள் வரவேண்டும்: டோல்ட் மீ, டோல்ட் ஹெர். "ஹி டோல்ட் தட்" தப்பு, "ஹி செட் மீ" என்பதும் தப்பு. கட்டளையில் டோன்ட் வந்தால் நாட் டு. "ரிக்வெஸ்டட் டு டோன்ட் கோ" என்று எழுதுகிறவர்கள் நிறைய. சஜஸ்டட் மட்டும் கூட்டத்தில் சேராது. "சஜஸ்டட் மீ டு கோ" வராது, "சஜஸ்டட் தட் ஐ ஷுட் கோ" என்றுதான் வரும்.

கரைவழி:

மஸ்ட்: கடமையைச் சொன்னால் ஹேட் டு ஆகலாம். "யூ மஸ்ட் வியர் எ ஹெல்மெட்" என்பது "ஐ ஹேட் டு வியர் எ ஹெல்மெட்" ஆகும். ஊகத்தைச் சொன்னால் மாறாது. "ஹி மஸ்ட் பி ஸிக்" என்று அவள் சொன்னால் "ஷி செட் தட் ஹி மஸ்ட் பி ஸிக்" என்றே இருக்கட்டும்.

மஸ்ட் நாட் வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். "யூ மஸ்ட் நாட் டச் த வயர்" என்பதை "டிட் நாட் ஹேவ் டு டச்" என்று மாற்றினால், தொடவே கூடாது என்றது தொட வேண்டிய அவசியமில்லை என்றாகிவிடும். மஸ்ட் நாட் என்றே விடலாம், அல்லது "டோல்ட் மீ நாட் டு டச் த வயர்" என்று எழுதலாம். வுட், ஷுட், குட், மைட் நான்கும் அப்படியே நிற்கும்.

டுமாரோ: யார், எப்போது திருப்பிச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. திங்கட்கிழமை ஒருவர் "ஐ வில் கம் டுமாரோ" என்கிறார். அதைத் திங்கட்கிழமையே சொன்னால் டுமாரோதான். செவ்வாய்க்கிழமை சொன்னால் டுடே. வெள்ளிக்கிழமை சொன்னால்தான் த நெக்ஸ்ட் டே. தேர்வில் எப்போது சொன்னது என்று குறிப்பு இருக்காது, அதனால் அங்கே த நெக்ஸ்ட் டே எழுதுவதே பாதுகாப்பு. ஹியர், தேர் கதையும் இதுதான்: அதே இடத்தில் நின்று சொன்னால் ஹியர் மாறவேண்டியதில்லை.

எழுத்தாணிக்கு ஒரு சேர்க்கை. சிம்பிள் பாஸ்ட் எல்லா இடத்திலும் பின்னால் போகாது. "இந்தியா பிகேம் இன்டிபென்டென்ட் இன் 1947" என்று ஆண்டோடு வரும் வரலாற்றுச் செய்தியை மாற்றாமல் விடுவதே வழக்கம். ரிப்போர்ட்டிங் வெர்ப், அதாவது மேற்கோளுக்கு வெளியே நிற்கும் வினை, ஸேஸ், வில் ஸே என்று இருந்தாலும் டென்ஸில் கை வைக்கக்கூடாது. வினாத்தாளில் இதை வேண்டுமென்றே ஒளித்து வைப்பார்கள். அந்த வினையைப் பார்க்காத மாணவர் மாட்டிக்கொள்வார்.

தேன்மொழி_டியூஷன்:

நடுப்படி எழுதும் முறை நன்றாக இருக்கிறது, நாளைக்கே செய்துபார்க்கிறேன். ஒன்று மட்டும்: "ஹூ ப்ரோக் த க்ளாஸ்?" என்பதில் எடுக்க டிட் இல்லையே. எதை நேராக்குவது?

எழுத்தாணி:

அது ஏற்கெனவே நேராகத்தான் இருக்கிறது. ஹூதான் அங்கே சப்ஜெக்ட், அதனால் வரிசையைத் தொடாமல் டென்ஸை மட்டும் மாற்றுங்கள்: ஹி ஆஸ்க்டு ஹூ ஹேட் ப்ரோக்கன் த க்ளாஸ். "ஹூ இஸ் ஹி?" என்றால் சப்ஜெக்ட் ஹி, அதனால் ஹூ ஹி வாஸ். இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டு, சப்ஜெக்ட்டுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். "வாட் இஸ் த மேட்டர்?" ஒன்று இதற்கு விதிவிலக்கு. அதை "வாட் வாஸ் த மேட்டர்" என்று எழுதினாலும் சரி என்று எடுத்துக்கொள்வார்கள்.