சீக்ரிட் யெர்த்தேன் படங்களை அவங்க நோயை வச்சுத்தான் பார்க்கணுமா?

தூரிகைப்பிரியன்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமா ஒரே ஒரு படம் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. ஸ்வீடன் ஓவியர் சீக்ரிட் யெர்த்தேன் 1916ல வரைஞ்சது, ஸ்டூடியோக்குள்ள நடக்கிற காட்சி, ஒரிஜினல் ஸ்டாக்ஹோம் மாடர்னா மியூசியத்துல இருக்கு. சோபால ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல அவங்களே உட்கார்ந்திருக்காங்க, ஒருத்தர் வீட்டுக்காரர் ஐசக் க்ரூனவால்ட், அவரும் ஓவியர்தான், இன்னொருத்தர் ஐனார் யோலின்ங்கிற ஓவியரா இருக்கலாம்னு சொல்றாங்க, ரெண்டு பேரும் அவங்க தலைக்கு மேலயே பேசிக்கிறாங்க, இவங்க பெரிய நீலக் கண்ணை வச்சுக்கிட்டு எங்கயோ பார்த்துட்டு இருக்காங்க. நாலு பேர் கூடியிருக்கிற வீட்ல காபி கொடுத்துட்டு ஓரமா நிக்கிற எத்தனையோ பேர் முகத்துல நான் பார்த்த பார்வை அது.

ஆனா அவங்களைப் பத்தி எதைப் படிச்சாலும் முதல் வரியிலேயே ஸ்கிசோஃப்ரினியா, மனநல ஆஸ்பத்திரின்னு வந்துடுது. அந்தக் கண்ணுலயே நோய் தெரியுதுன்னு எழுதுறாங்க. நிஜமாவா? நான் முறையா ஓவியம் படிச்சவன் இல்லை, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நீலமை:
வருஷத்தைக் கொஞ்சம் பாருங்க நண்பா. பிறந்தது 1885, சுன்ட்ஸ்வால் ஊர்ல. முதல்ல டிராயிங் டீச்சருக்குத்தான் படிச்சாங்க, 1909ல ஐசக்கைச் சந்திச்ச பிறகு அவர் பேச்சைக் கேட்டு பாரிஸ் போய் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ்கிட்ட கத்துக்கிட்டாங்க, 1911ல கல்யாணம், அதே வருஷம் பையன் இவான் பொறந்தான். உடம்பு முடியாம ஆஸ்பத்திரில சேர்ந்தது 1932ல. நீங்க சொல்ற படத்துக்கும் அதுக்கும் நடுவுல 16 வருஷம் இருக்கு, இதுல எங்கேருந்து நோய் வந்துச்சு?

சோபாவை விட்டுட்டு முன்னாடி பக்கம் பாருங்க. கருப்பு டிரஸ்ல ஸ்டைலா ஒரு பொண்ணு ஒரு ஆள் மேல சாஞ்சிருக்கா இல்ல, அதுவும் சீக்ரிட்தான்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கும் அப்படித்தான் படுது. வலது மூலையிலேருந்து இவான் தவழ்ந்து வர்றான். மனைவி, வெளி உலகத்துப் பொண்ணு, அம்மா மூணையும் ஒரே ரூம்ல வச்சுட்டாங்க, நாலாவது ஆளு, அதாவது ஓவியர், ஃப்ரேமுக்கு வெளியில நின்னுட்டு இவங்க எல்லாரையும் எங்கெங்க உட்கார வைக்கணும்னு முடிவு பண்ணிட்டு இருக்காங்க. இவ்வளவு தெளிவா தன்னையே தள்ளி நின்னு பார்த்தவங்களைப் போய் பாவம்னு சொல்றதை என்னால ஏத்துக்கவே முடியல.

கரிக்கோடு:
நீலமை சொல்றது 1916 படத்துக்குச் சரி. ஆனா நோயை மொத்தமா ஒதுக்கி வச்சாலும் அநியாயம்தான்னு நான் நினைக்கிறேன். 30கள்ல வரைஞ்சதைப் பார்த்தீங்கன்னா நிறம் இருண்டு போகுது, மேகம் அப்படியே மேல கவியுது, பிரஷ் சாய்வா வேகமா ஓடுது, நடுவுல திடீர்னு பளிச்சுனு ஒரு படம் வரும். ரெண்டு ஆஸ்பத்திரி வாசத்துக்கு நடுவுல வெறியா வரைஞ்சிருக்காங்க.

எனக்கு ஆறாத விஷயம் வேற. 1918ல லில்யெவால்க்ஸ் கேலரில ஐசக்கோடயும் இன்னொரு ஓவியர் லியாண்டர் எங்ஸ்ட்ரமோடயும் சேர்ந்து கண்காட்சி வச்சாங்க, அந்தக் காலம் முழுக்க விமர்சகர்கள் அவங்க படத்தை ஏளனம்தான் பண்ணாங்க. 1936ல ஸ்டாக்ஹோம் அகாதமில கிட்டத்தட்ட 500 படத்தோட தனிக் கண்காட்சி வந்தப்பதான் மனசார பாராட்டினாங்க. அடுத்த வருஷமே விவாகரத்து. அப்புறம் பெக்கோம்பெரியா ஆஸ்பத்திரில நிரந்தரமா தங்க வேண்டியதாப் போச்சு, வரையறதும் ஏறக்குறைய நின்னு போச்சு. 1948ல லோபாட்டமி, அதாவது மனநோய்க்குன்னு அப்ப மூளைல செஞ்ச ஆபரேஷன், பண்ணி, அது சரியா நடக்காம அதுலயே இறந்துட்டாங்க. 62 வயசு. இதை எழுதும்போதே கை நடுங்குது.

புள்ளிக்கோலம்:
ஓவியம் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும். எங்க சித்திக்கு 40 வயசுக்கு மேல மனநலம் சரியில்லாம ஆச்சு. அதுக்கு முன்னாடி மார்கழி வந்தா எங்க தெருவே அவங்க வாசல்ல வந்து நிக்கும், நோட்டு நோட்டா சிக்குக் கோலம் போட்டு வச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரில சேர்த்த அப்புறம் ஒரு சொந்தக்காரர் அந்த நோட்டைப் புரட்டிட்டு “பாருங்க, அப்பவே எப்படிச் சிக்கலாப் போட்டிருக்கா”ன்னார். சிக்குக் கோலம் சிக்கலா இல்லாம எப்படிங்க இருக்கும்? 21 புள்ளி வச்சு ஒரே இழைல எங்கயும் விடாம இழுத்துக்கொண்டு வந்து முடிச்சிருப்பாங்க, அது அவங்க கைத்திறமை. அதையும் நோய்க்கணக்குல எழுதிட்டாங்க. அன்னைக்கு நான் ஒண்ணும் பேசல, அது இன்னைக்கும் உறுத்துது.

தூரிகைப்பிரியன்:
புள்ளிக்கோலம் அக்கா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் ஓடல. அந்த நோட்டு பத்திரமா இருக்குன்னு நம்புறேன்.

நீலமை சொன்ன மாதிரி ராத்திரி மறுபடி படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். இத்தனை நாளா சோபால இருக்கிற கண்ணை மட்டும்தான் பார்த்துட்டு இருந்திருக்கேன், கருப்பு டிரஸ் பொண்ணு கிட்ட சரியாப் போகவே இல்லை. படத்துலயே நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிறது அவதான். கூடவே 1914 சுயஓவியத்தையும் தேடிப் பார்த்தேன், மால்மோ மியூசியத்துல இருக்கிறது, அதுல படம் வரையற ஆளாவே தன்னைப் போட்டிருக்காங்க, பின்னாடி பையன். இதுக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டே வருஷம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு இருக்கேன்.